தங்கை ஜெர்மனியில், ஆரி பிளவுஸ் மதுரையில்: போன் எடுத்த அளவை நம்பித் துணியில் கை வைக்கலாமா?

#1 வைகைக்கரை (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். மூன்று வருடமாக ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறாள். முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் முன்னால்தான் வந்து இறங்குவாள், அதற்கு மேல் லீவு கிடையாது. முகூர்த்தப் பட்டு காஞ்சிபுரத்தில் எடுத்தாயிற்று. பிளவுஸ் பிட் புடவையோடு சேர்ந்து வந்ததுதான், 80 சென்டிமீட்டர். அதில் ஆரி வேலை (ஊசியால் மணி, ஜரிகை கோக்கும் எம்பிராய்டரி) வேண்டுமாம். ஆரி போடும் அக்கா மூன்று வாரம் கேட்கிறார். அவர் ஊசியை எடுக்கும் முன் டெய்லர் அளவைத் துணியில் போட்டுக் கொடுக்க வேண்டும்.

டெய்லர் ஒரே பிடியாக நிற்கிறார்: "பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா சரியா இருக்கிற அளவு ஜாக்கெட் ஒண்ணு கொடுங்க." எங்களிடம் இரண்டும் இல்லை. வீட்டில் கிடப்பது கல்லூரிக் காலத்து பிளவுஸ். அதற்கப்புறம் அவள் ஜிம், நீச்சல் என்று போய்த் தோள் அகன்றுவிட்டது. போன முறை வந்தபோது அந்த பிளவுஸ் முழங்கைக்கு மேல் ஏறவில்லை.

ஒரு பொட்டிக்கில் விசாரித்தேன். போனில் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டே போட்டோ எடுத்தால் போதும், மீதியை ஆப் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். டெய்லரிடம் சொன்னால் சிரிக்கிறார். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? பிட் வீணானால் இன்னொரு பிட் கிடைக்காது.

#2 ஊசிமுனை (கோவை)

22 வருடமாகத் தைக்கிறேன். உங்கள் டெய்லர் சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சாதாரண பிளவுஸ் என்றால் பயமே இல்லை. இறுக்கமானால் உள்தையலைப் பிரித்துவிடலாம், தொளதொள என்றால் பிடித்துவிடலாம். ஆரி அப்படி இல்லை. துணியை வெட்டுவதற்கு முன்பே, முழு பிட்டையும் கட்டில் பிரேமில் இழுத்துக் கட்டிவிடுவார்கள். முன்பக்கம், முதுகு, கை எல்லாவற்றுக்கும் வெளிக்கோடு அப்போதே துணியில் விழுந்துவிடும். டிசைனைத் துளை போட்ட டிரேசிங் பேப்பரில் மண்ணெண்ணெய் கலந்த பவுடரைத் தேய்த்து இறக்குவார்கள். அந்தக் கோட்டுக்குள்தான் மணியும் ஜர்தோசியும் உட்காரும். கழுத்து அளவு அரை இஞ்ச் தப்பு என்றால், வேலை முடிந்த கழுத்தை யாரும் திரும்ப வெட்ட முடியாது. பக்கத்தில் பிரித்துவிட்டால் அரை இஞ்ச் மொட்டைத் துணி எட்டிப் பார்க்கும். கனமான வேலை துணியை உள்ளே இழுத்துக் கொஞ்சம் சுருக்கவும் செய்யும்.

அதனால் ஆரி பிளவுஸில் அளவு என்பது முதல் நாளே முடிந்துபோன விஷயம். ஆப்பில் எடுப்பதோ டேப்பில் எடுப்பதோ உங்கள் இஷ்டம். ஆனால் உடம்பில் போட்டுப் பார்க்காத அளவை நான் ஆரிக்கு அனுப்ப மாட்டேன்.

#3 பிக்சல்பித்தன் (பெங்களூரு)

அக்கா சொல்வது சரி. ஆனால் ஆப் என்றாலே ஏமாற்று என்று ஒதுக்க வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு போட்டோவிலிருந்து ஆப் எடுப்பது உங்கள் வெளிவடிவம் மட்டும்தான். பிறகு தன்னிடம் இருக்கும் ஒரு மனித உடல் மாதிரியை, அந்த வடிவத்துக்குப் பொருந்தும்வரை நீட்டிக் குறுக்கிப் பார்க்கும். ஆயிரக்கணக்கான உடம்புகளை 3டி ஸ்கேன் செய்து கற்றுக்கொண்ட மாதிரி அது. இந்த வகையில் பெயர்பெற்றது 2015-ல் ஜெர்மனியின் டூபிங்கனில், மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் வந்த எஸ்.எம்.பி.எல். மாதிரி. (உங்கள் தங்கை ஊருக்குப் பக்கத்து ஊர்தான்!) அதே ஆய்வுக் குழுவிலிருந்து கிளைத்த பாடி லேப்ஸ் கம்பெனியை 2017-ல் அமேசான் வாங்கியது. ஆக, இது விளையாட்டுச் சாமான் இல்லை.

ஆனால் ஒரு ஓட்டை உண்டு. போட்டோவுக்கு சென்டிமீட்டர் தெரியாது. நீங்கள் டைப் செய்யும் உயரம்தான் அதற்கு ஸ்கேல். 163 செ.மீ. இருக்கும் பெண் 165 என்று போட்டால் எல்லா அளவும் 1.2 சதவீதம் வீங்கிவிடும். 35½ இஞ்ச் மார்பளவில் அது கிட்டத்தட்ட அரை இஞ்ச். நம் ஆட்களில் உயரத்தை உண்மையாகச் சொல்பவர் எத்தனை பேர்? மேட்ரிமோனி புரொஃபைலில் போட்ட உயரத்தையே இதிலும் போட்டுவிடுவார்கள்.

ஜப்பானில் ஜோஜோ என்ற ஆன்லைன் துணிக்கடை 2018-ல் இதற்கு வேறு வழி பிடித்தது. உடம்போடு ஒட்டும் கறுப்பு உடை, மேலே வெள்ளைப் புள்ளிகள். அதை மாட்டிக்கொண்டு போன் முன்னால் சுற்றி நின்றால் புள்ளிகளை வைத்து அளவு. இலவசமாகவே அனுப்பினார்கள். எதிர்பார்த்தபடி ஓடவில்லை, பின்வாங்கிவிட்டார்கள்.

#4 அளவு ஜாக்கெட் கட்சி (திருச்சி)

இவ்வளவு கதை எதற்கு? தங்கையை ஒரு நல்ல அளவு ஜாக்கெட் தைத்துக் கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள். என் பாட்டி காலத்திலிருந்து அதுதான் வழி. அதில் தப்பு வந்து நான் பார்த்ததில்லை.

#5 வைகைக்கரை

அண்ணா, ஸ்டுட்கார்ட்டில் அளவு ஜாக்கெட் தைக்க ஆள் இருந்தால் நான் ஏன் இங்கே வந்து கேட்கப்போகிறேன்?

#6 திருப்பூர் பேட்டர்ன்

எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டராக இருக்கிறேன். 14 வருடமாகக் கம்ப்யூட்டரில்தான் பேட்டர்ன் (துணியை எப்படி வெட்டுவது என்ற வரைபடம்) போடுகிறேன். கட்சி அண்ணன் சொன்னதில் பாதி உண்மை, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒன்று. உடம்பு அளவு வேறு, துணி அளவு வேறு. ஆண்கள் சட்டையில் மார்பைச் சுற்றி மூன்று நான்கு இஞ்ச் லூஸ் விடுவோம். ஆப் முக்கால் இஞ்ச் தப்பாகச் சொன்னாலும் அந்த லூஸுக்குள் காணாமல் போய்விடும். போன் அளவில் சட்டை தைப்பவர்கள் பிழைப்பது அதனால்தான். பிளவுஸில் அந்த லூஸே கிடையாது, தோலோடு ஒட்டி நிற்க வேண்டும். போதாக்குறைக்குப் பட்டு நெடுக்கிலும் நீளாது, குறுக்கிலும் நீளாது. அதனால் எந்தக் கருவியின் தப்பும் பிளவுஸில்தான் முதலில் பல்லிளிக்கும்.

ஸ்கேனருக்கே கூட அளவில் இவ்வளவு தப்பு இருக்கலாம் என்று ஐ.எஸ்.ஓ. 20685 தரம் அனுமதிக்கிறது. மார்பு, இடுப்பு மாதிரிப் பெரிய சுற்றளவுகளில் சராசரியாக 9 மி.மீ., சிறிய சுற்றளவுகளில் 4 மி.மீ. அது அறைக்குள் நிற்கும் முழு ஸ்கேனருக்குச் சொன்ன கணக்கு. போன் அதைவிட ஒழுங்காக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம், சுற்றளவு மட்டும் தெரிந்தால் பிளவுஸ் வராது. ஒரே 36 மார்பளவில் முதுகு அகன்ற பெண்ணும் உண்டு, முன்பக்கம் நிறைந்த பெண்ணும் உண்டு. ஷோல்டரிலிருந்து மார்பு நுனி எவ்வளவு இறக்கம், இரண்டு நுனிக்கும் இடைவெளி எவ்வளவு, ஷோல்டர் சரிவு எவ்வளவு, இதெல்லாம்தான் டார்ட் (வடிவத்துக்காகத் துணியை மடித்துத் தைக்கும் பிடிப்பு) எங்கே விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். கல்யாணத்தன்று போடப்போகும் உள்ளாடையோடு எடுக்காத அளவு எதற்கும் ஆகாது. இது டேப்புக்கும் பொருந்தும், போனுக்கும் பொருந்தும்.

அதற்காகக் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களுக்கு அது உதவும் இடம் வேறு. ஆப் தருவதையும் டேப் தருவதையும் ஆரம்பமாக வைத்துக்கொண்டு பேட்டர்னைக் கம்ப்யூட்டரில் போடுங்கள். அதை பி.டி.எஃப். ஆகத் தங்கைக்கு அனுப்புங்கள். அவர் ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து ஒட்டி, ஏதாவது பழைய பருத்தித் துணியில் ஒரு ட்ரையல் தைத்துப் போட்டுப் பார்க்கட்டும். எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று வீடியோவில் பார்த்து இங்கே பேட்டர்னைத் திருத்தலாம். பட்டை யாரும் தொட வேண்டாம். கட்சி அண்ணன் சொல்லும் அளவு ஜாக்கெட்தான் இது, கூரியரில் போகாமல் மெயிலில் போகிறது.

ஆர்வம் இருந்தால் பேட்டர்ன் நானே போட்டுத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேலைதான்.

#7 ஸ்கார்பரோ வாசி (டொரண்டோ)

திருப்பூர் அண்ணா சொன்னதைத்தான் நாங்களும் செய்தோம். செய்து வாங்கிக் கட்டிக்கொண்டோம், அதனால் எழுதுகிறேன்.

போன வருடம் என் சித்தி மகளின் கலியாணம். கூறைப் புடவைக்கு சட்டை, அதாவது பிளவுஸ், ஊரில் தைப்பது என்று முடிவு. அங்கிருந்து பேட்டர்ன் பி.டி.எஃப். ஆக வந்தது. நாங்கள் வடிவாகப் பிரிண்ட் எடுத்து, ஒட்டி, ட்ரையல் தைத்துப் போட்டால் பிள்ளைக்கு மூச்சு விட முடியவில்லை. அளவு எடுத்தவரைத் திட்டினோம், தைத்தவரைத் திட்டினோம். இரண்டு கிழமை போன பிறகுதான் பிழை எங்கே என்று பிடிபட்டது. இங்கே கனடாவில் ஏ4 தாள் இல்லை, லெட்டர் தாள். ஏ4 நீளம் 297 மி.மீ., லெட்டர் 279 தான். பிரிண்டர் தன்பாட்டில் தாளுக்குள் அடங்குமாறு சுருக்கிவிட்டது. 94 சதவீதம். 36 இஞ்ச் போட்டது 34-க்கும் குறைவாக வந்து நின்றது.

பேட்டர்னில் ஒரு சோதனைச் சதுரம் போடச் சொல்லுங்கோ, 10 செ.மீ.க்கு 10 செ.மீ. பிரிண்ட் எடுத்ததும் முதல் வேலை அதை அடிமட்டம் வைத்து அளப்பது. பிரிண்டரில் 100 சதவீதம் என்று கையால் போட வேண்டும். ஜெர்மனியில் ஏ4 தான் என்றாலும் ஓரம் விடுகிறேன் என்று சில பிரிண்டர் இரண்டு மூன்று சதவீதம் சுருக்கும்.

#8 வைகைக்கரை

திருப்பூர் அண்ணா, நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியாது. தனி மெசேஜ் போட்டிருக்கிறேன்.

ஆனால் வீட்டில் ஒரு பிரச்சினை. ஆப்பில் எடுக்க ஒட்டிய உடையில் நிற்க வேண்டும் என்றதும் அம்மா ஒரே பிடிவாதம். "கல்யாணப் பொண்ணு போட்டோவை அப்படி எடுத்து யாரோ ஒருத்தனுக்கு அனுப்புவீங்களா?" தங்கைக்குக் கவலை இல்லை. எனக்குத்தான் இரண்டும் கெட்டான் நிலை.

#9 பிக்சல்பித்தன்

உங்கள் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. நான் வேலை செய்யும் இடத்தில் இதைக் கேட்காமல் எந்த ஆப்பையும் வெளியே விடமாட்டார்கள். சில ஆப்கள் போனுக்குள்ளேயே கணக்குப் போட்டு எண்களை மட்டும் அனுப்பும். சில ஆப்கள் போட்டோவையே சர்வருக்கு அனுப்பும். விமானப் பயன்முறையில் போட்டுப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும்: நெட் இல்லாமல் அளவு வரவில்லை என்றால் போட்டோ வெளியே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஐரோப்பாவில் அதற்கு முன்பே கடுமையான சட்டம் இருக்கிறது. ஆனாலும் பொட்டிக் ஊழியரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பும் போட்டோவை எந்தச் சட்டம் வந்து தேடிப் பிடித்து அழிக்கும்? அதை மட்டும் செய்யாதீர்கள்.

முகம் தெரிய வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. முடியை மட்டும் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள், தோளில் விழுந்தால் கழுத்து அளவு கெட்டுவிடும்.

#10 நாகர்கோவில் வெள்ளை

நான் கிறிஸ்தவக் கல்யாணங்களுக்கு கவுன் தைக்கிறேன். இங்கே பாதிப் பேர் வெண்பட்டு, பாதிப் பேர் கவுன். புடவை பிளவுஸ் பற்றிப் பேசும் இடத்தில் நுழைகிறேன், மன்னிக்கவும். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் பார்த்து ஏமாந்தவள் என்ற தகுதி எனக்கு உண்டு.

இரண்டு வருடம் முன்னால் ஒரு ஏஜென்சி மூலம் 3டி மென்பொருளில் கவுன் வடிவமைக்கும் வசதி எடுத்தேன். பெண்ணின் அளவைக் கொடுத்தால் அவளைப் போலவே ஒரு பொம்மை வரும். அதன் மேல் துணி விழுவதைப் பார்க்கலாம், எங்கே இறுக்கம் என்று சிவப்பாகக் காட்டும். பார்க்க அவ்வளவு அழகு. மணப்பெண் அம்மாவே கண்கலங்கினார். தைத்து முடித்து ட்ரையல் போட்டால், நிற்கும்வரை சரி. உட்கார்ந்ததும் இடுப்புத் துணி மேலே ஏறி, தோள்பட்டை சரிந்துவிட்டது. திரையில் இருந்த பொம்மை உட்காரவே இல்லையே! மூச்சும் விடவில்லை. அவர்கள் மென்பொருளில் இருந்த எடையும் விறைப்பும் நாங்கள் கொடுத்த துணியுடையது இல்லை, வேறு ஏதோ சாட்டின் துணியுடையது.

நல்லவேளை, கவுன் முதுகில் கயிறு போட்டுக் கட்டும் வகை. இரண்டு இஞ்ச் வரை அதில் மறைக்கலாம். ஆரி பிளவுஸில் முதுகில் தொங்கும் நாட் வெறும் அலங்காரம், அது எதையும் மறைக்காது. ட்ரையல் போடும்போது உங்கள் தங்கை உட்காரட்டும், குனியட்டும், கையைத் தூக்கட்டும்.

#11 திருப்பூர் பேட்டர்ன்

சரியாகச் சொன்னீர்கள் அக்கா. எங்கள் பக்கம் க்ளோ 3டி என்ற தென்கொரிய மென்பொருள் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவருக்கு சாம்பிள் தைத்துக் கூரியர் அனுப்பும் செலவும் நாளும் மிச்சம். துணியின் எடை, தடிமன், எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வளைகிறது என்று அளந்து போட்டால் நன்றாகவே காட்டும். அளக்காமல் பட்டியலில் இருக்கும் ஏதோ ஒரு துணியைத் தேர்ந்தெடுத்தால் அது வெறும் படம். ஜரிகை பார்டர் ஒரு விறைப்பு, உடல் பகுதி ஒரு விறைப்பு என்று வரும் காஞ்சிப் பட்டுக்கு அந்த எண்களை யார் அளந்து வைத்திருக்கிறார்கள்?

#12 அளவு ஜாக்கெட் கட்சி (திருச்சி)

வெளிநாட்டு உடம்பை வைத்துக் கற்றுக்கொண்ட ஆப் நம் ஊர்ப் பெண்ணுக்கு எப்படி அளவு சொல்லும்? அதைக் கேட்க ஆள் இல்லை.

#13 பிக்சல்பித்தன்

அண்ணா, அபூர்வமாக உங்களோடு ஒத்துப்போகிறேன். நிஃப்ட் என்ற தேசிய ஃபேஷன் கல்வி நிறுவனத்தின் இந்தியாசைஸ் கணக்கெடுப்பு அதற்காகத்தான் வந்தது. ஆறு நகரங்களில் 25,000 பேரை 3டி ஸ்கேனரில் அளப்பது என்று திட்டம். டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், ஷில்லாங். பட்டியலில் சென்னை இல்லை, அதற்கு நீங்கள் சண்டை போடலாம். ஆனால் அது ரெடிமேட் சைஸ் பட்டியலுக்கானது. தனி ஒருவருக்குத் தைக்கும் பிளவுஸுக்கு நேராக உதவாது.

#14 வைகைக்கரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நிறைய நடந்துவிட்டது, பொறுமையாகப் படியுங்கள்.

அம்மாவைச் சமாதானப்படுத்த, போனுக்குள்ளேயே கணக்குப் போடும் ஆப் ஒன்றைப் பிடித்தோம். கூடவே தங்கையின் தோழி டேப்பால் எடுத்தாள், நான் வீடியோ காலில் "டேப் பின்னால் இறங்குது, தூக்கு" என்று கத்திக்கொண்டிருந்தேன். மார்பில் ஆப்புக்கும் டேப்புக்கும் கால் இஞ்ச்தான் வித்தியாசம், எனக்கே ஆச்சரியம். கீழ் மார்பில் அரை இஞ்ச். மேல் கையில் மட்டும் முக்கால் இஞ்ச் குறைத்துச் சொன்னது. நீச்சல்காரி கை என்று அதற்கு எப்படித் தெரியும்!

அண்ணா போட்ட பேட்டர்ன் 16 தாளில் வந்தது. சதுரத்தை அளந்தாள்: 9.7 செ.மீ. ஸ்கார்பரோ வாசிக்குக் கோயில் கட்டலாம். செட்டிங்கை மாற்றி மறுபடி எடுத்து 10 வந்த பிறகுதான் கத்தரி எடுத்தாள். அவள் தெருவில் துணி சரிசெய்து கொடுக்கும் கடை வைத்திருக்கும் துருக்கிப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பழைய பெட்ஷீட்டையும் பேட்டர்னையும் கொடுத்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீதி சட்டை எங்கே?" என்று கேட்டாராம். இவ்வளவுதான் சட்டை என்று புடவை போட்டோவைக் காட்டி விளக்கியிருக்கிறாள். மறுநாளே பெரிய தையலாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். முன்பக்கம் கொக்கிக்குப் பதில் குண்டூசி.

போட்டுப் பார்த்தால் மூன்று கோளாறு. வலது தோளில் சாய்வாக ஒரு சுருக்கம். முன்கழுத்து நெஞ்சோடு ஒட்டாமல் வாய் பிளக்கிறது. மூன்றாவதுதான் பெரியது. நாகர்கோவில் அக்கா சொன்னபடி கையைத் தூக்கச் சொன்னேன், மாலை மாற்றுவது மாதிரி. மாப்பிள்ளை ஆறடி. கை தோளுக்கு மேல் போனதும் பிளவுஸ் முழுசாக மேலே ஏறி, கீழ்ப்பட்டி மார்பின் மேல் வந்து நின்றுவிட்டது. மண்டபத்தில் நடந்திருந்தால்?

வீடியோ அனுப்பியிருக்கிறேன்.

#15 திருப்பூர் பேட்டர்ன்

பார்த்தேன். பெட்ஷீட்டில் தைத்த பெரியவரின் கை நல்ல கை, பேட்டர்ன் கோட்டிலிருந்து ஒரு மி.மீ. விலகவில்லை. அதனால் தப்பு முழுக்க என்னுடையது என்று தைரியமாகச் சொல்லலாம்.

வலது தோள்: உங்கள் தங்கைக்கு இடதைவிட வலது தோள் 1 செ.மீ.க்கு மேல் இறக்கம். ஒரே தோளில் பை மாட்டுபவர்களிடம் இது சகஜம். முதல் பேட்டர்னை இரண்டு பக்கமும் ஒன்றாகப் போட்டது என் சோம்பேறித்தனம். இப்போது வலது பக்கம் தனி, இடது பக்கம் தனி. கையால் வெட்டும்போது துணியை மடித்து ஒரே வெட்டாக வெட்டுவோம், அதனால் இந்த வித்தியாசத்தை யாரும் கண்டுகொள்வதில்லை.

கழுத்து: நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்காரும் உடம்பு, தோள் முன்னால் வளைந்திருக்கிறது. கழுத்தோரத்தில் 1 செ.மீ. முக்கோணமாக மடித்து எடுத்து, அந்தத் துணியை டார்ட்டுக்குள் திருப்பிவிட்டேன். முதுகு அகலத்தை அரை செ.மீ. கூட்டினேன்.

கை தூக்கும் விஷயம்தான் சுவாரசியம். கை பிடிக்கிறது என்றாலே அக்குளை இன்னும் வெட்டி இறக்குவது நம் பழக்கம். அது நேர் எதிர் வைத்தியம். அக்குள் எவ்வளவு கீழே இருக்கிறதோ, கை தூக்கும்போது அவ்வளவு துணியையும் இழுத்துக்கொண்டு போகும். நான் அக்குளை 1 செ.மீ. மேலே ஏற்றிவிட்டேன். கையின் மேல் வளைவு உயரத்தைக் குறைத்து, கை அகலத்தைக் கூட்டினேன். நிற்கும்போது அக்குளில் லேசாக ஒரு மடிப்பு தெரியும், அது இருக்கட்டும். மாலை மாற்றும்போது மானம் முக்கியம்.

இதை எல்லாம் திருத்த எனக்கு 40 நிமிடம் ஆனது. காகிதப் பேட்டர்ன் என்றால் முதலிலிருந்து வரைய வேண்டும், எந்தத் திருத்தம் எங்கே செய்தேன் என்பதும் மறந்துபோகும். இரண்டாவது ட்ரையலும் போடச் சொல்லுங்கள். பெரியவருக்குச் செலவு கொடுங்கள்.

#16 ஊசிமுனை (கோவை)

அக்குளை ஏற்றுவது பற்றி அண்ணா சொன்னதைப் படித்து நேற்று என் மகளுக்கே தைத்துப் பார்த்தேன். உண்மைதான். 22 வருடமாக இறக்கிக்கொண்டிருந்தேன். சரி, விடுங்கள்.

ஆரிக்குக் கொடுக்கும்போது இதை மறக்காதீர்கள். கல்யாணப் பெண் கடைசி மாதத்தில் இளைப்பாள் அல்லது விருந்துக்குப் போய்ப் போய் ஊதுவாள். இதை எந்தக் கம்ப்யூட்டரும் முன்கூட்டிச் சொல்லாது. அதனால் பக்கத் தையலுக்கு ஒரு இஞ்ச் முன்பாகவே டிசைனை நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே ஒன்றேகால் இஞ்ச் துணி விடுங்கள், இரண்டு வரி தையல் போடுங்கள். புடவை மறைக்கும் இடம்தான் அது. வந்து இறங்கிய பிறகு போட்டுப் பார்த்து, காலியாகத் தெரிந்தால் அங்கங்கே இரண்டு மணி வைத்து நிரப்ப ஆரி அக்காவுக்கு அரை நாள் போதும். லைனிங் துணியை முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். பேட்டர்ன் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் நனைக்காத லைனிங் ஒரே துவைப்பில் கவிழ்த்துவிடும்.

#17 ஸ்கார்பரோ வாசி (டொரண்டோ)

கம்பெனி மென்பொருள் விலை கேட்டாலே தலை சுற்றுகிறது. வீட்டில் செய்ய ஏதாவது இருக்கிறதா அண்ணா?

#18 திருப்பூர் பேட்டர்ன்

இந்த பிளவுஸையே நான் கம்பெனி மென்பொருளில் போடவில்லை, வீட்டு லேப்டாப்பில் சீம்லி2டி-யில் போட்டேன். இலவசம். அதில் அளவுகள் ஒரு ஃபைல், வரைபடம் இன்னொரு ஃபைல். கோடுகளை எண்ணாகப் போடாமல் சூத்திரமாகப் போட வேண்டும், மார்பளவில் நாலில் ஒன்று கூட்டல் இவ்வளவு என்று. பிறகு அளவு ஃபைலை மாற்றினால் வரைபடம் தானே மாறும். முதல் இரண்டு வாரம் கடுப்பாக இருக்கும். டெய்லரின் கைக்கணக்கு தெரிந்தவர்கள் பிடித்துக்கொள்வார்கள், கணக்கு தெரியாமல் மென்பொருள் மட்டும் தெரிந்தவர்கள்தான் திணறுவார்கள்.

#19 வைகைக்கரை

நேற்றுக் கல்யாணம் முடிந்தது. மண்டபத்துப் பாத்திரம் எண்ணி முடித்துவிட்டு இப்போதுதான் உட்கார்கிறேன்.

இரண்டாவது ட்ரையலில் தோள் சரி, கழுத்து சரி, கை தூக்கினால் அரை இஞ்ச்தான் ஏறியது. அந்தப் பேட்டர்னையே இங்கே பிளாட்டரில் (பெரிய தாளில் அச்சிடும் மெஷின்) ஒரே தாளாக எடுத்து டெய்லரிடம் கொடுத்தேன். முதலில் டேப் வைத்து எல்லா இடத்தையும் அளந்தார். "இது யார் போட்டது?" என்றார். அப்புறம் எதுவும் பேசவில்லை, மார்க் செய்து கொடுத்துவிட்டார். தங்கை வந்து இறங்கியபோது ஊசிமுனை அக்கா சொன்னது நடந்தே விட்டது, இரண்டு கிலோ இளைத்திருந்தாள். பக்கத்தில் கால் இஞ்ச் பிடித்ததோடு சரி. மாலை மாற்றும்போது மாப்பிள்ளையின் நண்பர்கள் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அவள் எட்டி எட்டிப் போட்டாள், பிளவுஸ் அசையவில்லை.

பிரச்சினை ஆனது அம்மாவின் பிளவுஸ்தான். எல்லோரும் தங்கையின் பிளவுஸைப் பார்த்துக்கொண்டிருந்ததில், அம்மாவுக்குப் பழைய அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தோம். அது எந்த வருடத்து ஜாக்கெட்டோ. தாரை வார்க்கும் நேரத்தில் வலது கை உள்தையல் பிரிந்து, சித்திதான் குண்டூசி குத்திவிட்டார்.

#20 அளவு ஜாக்கெட் கட்சி (திருச்சி)

அது ஜாக்கெட்டின் தப்பு இல்லை, எடுத்துக் கொடுத்தவர் தப்பு.

வாழ்த்துகள் அம்மா. திருப்பூர் தம்பி, என் மருமகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். வளைகாப்புக்கு பிளவுஸ் தைக்க வேண்டும், ஏழாவது மாதம். அதற்கு எப்படி அளவு எடுப்பது?